அந்நியத்தில் எடுத்த பெண்

சிஞ்ச்வட், புனே
4-7-1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு கேவலத்தை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே எழுதுகிறேன். ஏரவாடா ஜோசியர் என்று ஒருவர் இல்லை. உன் மகள் தீபா ஜாதகத்தையும் இங்கே புனேயில் வேலையில் இருக்கிற நம் தம்பி ஷ்யாம் ஜாதகத்தையும் பார்த்து, 'பொருத்தம் இல்லை, மீறிச் செய்தால் பெண்ணுக்கு ஆகாது' என்று அவர் எழுதிக்கொடுத்ததாக ஒரு தாள் அனுப்பினேனே, அது கட்கி தோட்டா ஃபேக்டரி கேன்டீனில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், இடது கையால் நானே எழுதியது. மூலையில் மங்களகரமாகத் தடவியிருந்த மஞ்சளும் கேன்டீன் சாம்பாருடையதுதான். நாற்பத்திரண்டு வயசில், மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன் செய்கிற காரியமா இது என்று கேட்பாய். நீ அவருடைய விலாசம் கேட்டு எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை. மற்ற அக்காமார்கள் ஜோசியர் சொன்னால் பயப்படுவார்கள். நீ அவருக்கே சுக்கிரன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று பாடம் நடத்தக் கிளம்பிவிட்டாய்.

ஜோசியர்தான் பொய். சொன்ன விஷயம் பொய் இல்லை. தீபாவை ஷ்யாமுக்குக் கொடுக்காதே. தாய்மாமன் உரிமை, முறை, ஊர் வாய் எல்லாம் எனக்கும் தெரியும். காரணத்தை மட்டும் கேட்காதே. டெலிபோனில் சொல்லலாம் என்றால், உன்னைக் கூப்பிட இருப்பது பட்டு முதலாளி வீட்டு போன். நீ வந்து எடுப்பதற்குள் அங்கே தறிக்குப் பாவு சுற்றுகிற பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இந்த ஒரு தடவை காரணம் இல்லாமல் தம்பி பேச்சைக் கேள்.

கந்தசாமி


ஆரணி
12-7-1999

தம்பி கந்தசாமிக்கு,

அது சாம்பார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். எந்த ஊர் மஞ்சளில் பெருங்காயம் மணக்கும்? விலாசம் கேட்டதே நீ எவ்வளவு தூரம் போகிறாய் என்று பார்க்கத்தான்.

காரணம் கேட்காதே என்கிறாய். கேட்கிறேன். உன் பெண்டாட்டி கோதை சொல்லிக்கொடுத்தாளா? தன் வயிற்றில்தான் ஒன்றும் இல்லை, அடுத்தவள் மகள் நன்றாக இருந்துவிடக் கூடாது என்று நினைக்கிறாளா? கோபித்துக்கொள்ளாதே. மனசில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேச எனக்கு வராது.

உனக்குச் சொந்தத்திலேயே பெண் இருந்தது. நீ பூனாவிலேயே பிறந்து வளர்ந்த, நமக்கு எந்த வழியிலும் உறவு இல்லாத பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றாய். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அந்நியத்தில் எடுத்தாய், பதினாலு வருஷம் ஆகிறது, தொட்டில் கட்டவில்லை. ஒட்டாத ரத்தம் ஒட்டாது என்று அம்மா சாகிறவரை சொன்னாள். நம் அப்பாவையும் அம்மாவையும் பார். அப்பா, அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். ஒரு குறை உண்டா? நான், நீ, அப்புறம் பதினைந்து வருஷம் கழித்துக் கேட்காமலே ஷ்யாம். அதனால்தான் உன் கதி அவனுக்கு வரக் கூடாது என்று என் பெண்ணையே கொடுக்கிறேன். உன் வீட்டைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன் என்றே வைத்துக்கொள்.

ஆவணியில் நிச்சயம். கோதைக்கும் சேர்த்து டிக்கெட் போடு. சீர்த் தட்டு எடுக்க வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன்.

வேதநாயகி


சிஞ்ச்வட்
19-7-1999

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கோதை கண்ணில் படாமல் வைக்க வேண்டுமென்று டிபன் பாக்ஸுக்குள் போட்டு ஃபேக்டரிக்கு எடுத்துப்போனேன். டிபன் பாக்ஸைக் கழுவுவது யார் என்பதை மறந்துவிட்டேன். ஆகவே அவள் படித்துவிட்டாள். அன்றைக்குச் சாதத்தில் உப்புப் போட்டிருந்தாள். குழம்பில் இல்லை.

சரி, நேராகச் சொன்னால் நீ கேட்க மாட்டாய். ஓர் உதாரணம் சொல்கிறேன். என்னோடு தோட்டா சோதிக்கிற மேஜையில் ரவிசந்திரன் என்று ஒருவன் இருக்கிறான். கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. பெண்டாட்டியைத்தான் எல்லா ஆஸ்பத்திரிக்கும் இழுத்துக்கொண்டு போனான். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள், வயிற்றில் துளை போட்டுப் பார்த்தார்கள், ஊசி போட்டுப் போட்டு அவள் கை பழுத்தது. கடைசியில் ஒரு டாக்டரம்மா, 'அந்த ஆளை ஒரு தடவை பாருங்கள்' என்றாள். பார்த்தால், குறை அவனிடம்.

குறை என்றால் நீ நினைக்கிற குறை இல்லை. அவன் ஆம்பிளைத்தனத்தில் ஒரு கோளாறும் கிடையாது. விந்தணு என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலை நீள்வட்டமாக, முன்னால் ஒரு மெல்லிய தொப்பியோடு இருக்க வேண்டும். கருமுட்டையைத் துளைத்து உள்ளே போக அந்தத் தொப்பிதான் உதவுகிறது. இவனுடையதில் தொப்பியே இல்லை. அத்தனையும் குண்டுமணி மாதிரி உருண்டைத் தலை. லட்சக்கணக்கில் ஓடுகின்றன, முட்டுகின்றன, திரும்புகின்றன. பிறவியிலேயே வருவது. சில குடும்பங்களில் அண்ணன் தம்பிக்குச் சேர்ந்தே வருமாம். இந்த ரவிசந்திரனின் அப்பா அம்மாவும் தாய்மாமன், மருமகள் கல்யாணம். புரிகிறதா, நான் எங்கே வருகிறேன் என்று?

படித்ததும் கிழித்துப் போடு. ரவிசந்திரன் மானம் உன் கையில்.

கந்தசாமி


ஆரணி
27-7-1999

தம்பிக்கு,

ரவிசந்திரன் யார் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாய். போன தீபாவளிக்கு நீ கொடுத்தனுப்பிய பாகர்வடிப் பலகார டப்பாவை என் கையில் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். வீடு போளூர் ரோட்டில், அரிசி மில்லுக்கு எதிரே. நீ அனுப்பியதை நீயே மறந்துபோனால் நான் என்ன செய்ய?

மனசு கேட்கவில்லை. பாவம், பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, 'தலை உருண்டையா இருந்தா இன்னாம்மா, கடவுள் இருக்கார்' என்று ஆரம்பித்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். பாட்டியிடம் இருந்து படிக்கிற ரவிசந்திரன் பிள்ளைகள். பெரியவனுக்கு ஒன்பது வயசு, அப்பனை உரித்து வைத்த மாதிரி மூக்கு.

'யாரு சொன்னது உனக்கு?' என்று கேட்டாள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். வேறு வழி இல்லை. பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன், குடையையும் வைத்துவிட்டு வந்தேன். குடைக்காகத் திரும்பிப் போகிற முகம் எனக்கு இல்லை.

இப்போது சொல். அவன் இல்லையென்றால் யார்? நீ ஒருவனைக் கைகாட்டிவிட்டு ஓடுகிறவன், சின்ன வயசிலிருந்து. யார் என்று எழுது. இல்லையென்றால் ஆவணியில் நிச்சயம், நீ வந்தாலும் வராவிட்டாலும்.

வேதநாயகி


சிஞ்ச்வட்
4-8-1999

அக்கா,

ரவிசந்திரன் என்னோடு பேசுவதில்லை. பேசாதது போதாதென்று சோதனை மேஜையிலிருந்து என் ஸ்டூலை எடுத்துப் போய்விட்டான். இரண்டு நாளாக நின்றுகொண்டே தோட்டா பார்க்கிறேன். நியாயம்தான்.

அது நான்தான்.

எழுதிவிட்டேன். இந்த வரியை எழுத மூன்று வருஷமும் நாலு இன்லேண்டும் ஆகியிருக்கிறது. இனிமேல் வெட்கப்பட ஒன்றுமில்லை, முழுவதையும் கேள்.

1996இல் சிவாஜி நகர் டாக்டரம்மா என்னைச் சோதிக்க வேண்டும் என்றாள். அங்கே அதற்கென்று கொடுக்கிற அறைக்கதவில் தாழ்ப்பாள் இல்லை. வெளியே பெஞ்சில் ஆறு பேர் வரிசையில். என்னால் ஆகவில்லை. சரி, வீட்டிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள் என்றாள். அந்த டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிஞ்ச்வட்டில் லோக்கல் ரயில் ஏறினேன். தாபோடியில் வண்டி நின்றது. சிக்னல். பதினைந்து நிமிஷம், இருபது நிமிஷம். எதிரே வந்து உட்கார்ந்தார் எங்கள் சொசைட்டி மூன்றாம் மாடிக் குல்கர்ணி. ஓய்வு பெற்ற பிறகு ஊரார் மூட்டுவலிக்கெல்லாம் தைலம் தேய்த்துவிடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. என் கை உடம்போடு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். 'கந்தா பகட் கயா க்யா, கந்தசாமி? ஹாத் உட்டாவோ' என்றார். தோள் பிடித்துக்கொண்டதா, கையைத் தூக்கு என்கிறார். நான் முடியாது என்கிறேன். அவர் விடவில்லை, என் முழங்கையைப் பிடித்து இழுக்கிறார். பக்கத்திலிருந்தவர்களும், 'தூக்குங்க சாப், குல்கர்ணி காகாவுக்குக் கைராசி' என்று சேர்ந்துகொண்டார்கள். என் வம்சத்தையே கக்கத்தில் வைத்துக்கொண்டு தாபோடியில் நான் போட்ட சண்டையை எந்த ராணுவமும் கண்டதில்லை.

முடிவு வந்தது. ரவிசந்திரன் என்று உனக்கு எழுதினேனே, எழுத்துக்கு எழுத்து அதுதான். தினம் நாலாயிரம் தோட்டாவை உருட்டிப் பார்த்து, முனை மழுங்கினதைத் தள்ளுபடி டப்பாவில் போடுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன். டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் காட்டியபோது, டப்பா எங்கே என்று கை தானாகத் தேடியது.

அப்புறம் அவள் குடும்பப் படம் போட ஆரம்பித்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவுக்கு ஒரு சதுரம். அம்மாவின் தாய்மாமனுக்கு ஒரு சதுரம். நான் சொன்னேன், இரண்டும் ஒரே சதுரம்தான் என்று. ரப்பரால் அழித்தாள். அப்படியானால் உங்கள் பாட்டி யார் என்றாள். அப்பாவின் அக்கா என்றேன். அத்தை வேறு, பாட்டி வேறு இல்லையா என்றாள். எங்கள் வீட்டில் அவ்வளவு ஆள் செலவு கிடையாது என்றேன். அப்பாவைப் பெற்றவர்களும் அத்தை மகன், மாமன் மகள் என்று சொன்னதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். 'எங்களிலும் மாமா மகளைக் கட்டுவது உண்டு. மாமாவையே கட்டுவீர்களா?' என்றாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். இன்ன இடத்தில் பழுது என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இது இப்படிப்பட்ட குடும்பங்களில் அதிகம் தென்படுகிறது. ஒரு பக்கத்துப் பழுது மட்டும் வந்தால் வெளியே தெரியாமல் உள்ளேயே கிடக்கும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் தலைகாட்டும். ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்பக் கட்டினால் இரண்டும் சந்திப்பது சுலபம். ஷ்யாமுக்கும் இருக்கலாம், நாலில் ஒரு பங்கு. இல்லாமலும் போகலாம்.

இருந்தால் என்ன ஆகும்? தீபாவைப் பூனாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துப் போவார்கள். அப்போதும் யாரும் ஷ்யாமைப் பார்க்க மாட்டார்கள். நீயே பார்க்க மாட்டாய், அவன் உன் தம்பி. உன் மகளைத்தான் கேட்பாய்.

கோதைக்கு மூன்று வருஷமாகத் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினவன் நான். அம்மாவின் தங்கை மகள் வளைகாப்பில் நீ அவள் கையிலிருந்து வளையலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 'நீ கொஞ்சம் பின்னாடி நில்லும்மா' என்றாயே, அப்போது நான் பந்தலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது. இரண்டாவது கப் வாங்கப் போய்விட்டேன்.

நிச்சயத்தை நிறுத்து, அக்கா.

கந்தசாமி


ஆரணி
14-8-1999

கந்தா,

முதல் நாள் உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். செத்துப்போன அப்பா அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய் என்று. அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே விச்சு சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது சின்னவன். அப்பாவின் தம்பி விச்சு சித்தப்பாவுக்கு நீ பார்த்த சித்தி இரண்டாம் தாரம். முதலில் கட்டினது பார்வதி என்று ஒருத்தி, செங்கம் பக்கம். அவளும் அந்நியம்தான். ஆறு வருஷம் பிள்ளை இல்லை என்று கூட்டம் கூட்டி உறவை அறுத்துவிட்டார்கள். எனக்குப் பதிமூன்று வயசு. அவள் போகும்போது என் பாவாடையைத் தைத்துக்கொண்டிருந்தாள், பாதியில் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்து போனாள். இரண்டாவது வந்தவளுக்கும் ஒன்றும் இல்லை. அவளுக்கும் தோஷம் என்றோம்.

ஆறேழு வருஷம் முன்னால் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பார்வதியைப் பார்த்தேன். அவளே என்னைக் கண்டுபிடித்தாள். வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மூன்று பிள்ளைகள். மூத்தவன் அவளைவிட ஒரு முழம் உயரம், அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'இன்னா வேதா, உங்க சித்தப்பா வூட்ல தொட்டில் ஆடுதா?' என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது நான் போக வேண்டிய பஸ்ஸே இல்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் புரியாமல் இல்லை, கந்தா. புரியாத மாதிரி இருந்துகொண்டேன். அதற்கப்புறம்தான் கோதையைப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

நிச்சயத்தை நிறுத்திவிட்டேன். வீட்டில் இவரிடம் உருண்டைத் தலை, சதுரம், வட்டம் என்றெல்லாம் சொல்ல என்னால் ஆகாது. உன் சாம்பார்த் தாளையே எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தீபா, 'சரிம்மா' என்றாள். அன்றைக்கே பி.எட். விண்ணப்பம் கேட்டு எழுதிப் போட்டுவிட்டாள். நான்தான் அவள் அழுவாள் என்று இரண்டு நாள் பின்னாலேயே திரிந்தேன்.

கோதைக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ ஏதாவது சொல்.

வேதா


சிஞ்ச்வட்
22-8-1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இந்த முறை டிபன் பாக்ஸில் வைக்கவில்லை. கோதை கையிலேயே கொடுத்தேன். பார்வதி வருகிற பக்கத்தை இரண்டு முறை படித்தாள். நீ மன்னிப்புக் கேட்பதாக அர்த்தம் என்று நான் விளக்கவுரை சொன்னேன். 'எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும்' என்றாள். பிறகு, 'அக்காவுக்கு எழுதும்போது, அவ ஒண்ணும் மனசுல வச்சுக்கலைன்னு எழுதிடாதீங்க. வச்சிருக்கேன். ஆனா வரச் சொல்லுங்க' என்றாள். அப்படியே எழுதிவிட்டேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

என் நிலைமை பரவாயில்லை. ரவிசந்திரன் ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் விஷயத்தை ஃபேக்டரியில் எல்லோருக்கும் விளக்கிவிட்டுத்தான் கொடுத்தான். கேன்டீனில் எனக்கு உருண்டை போண்டா வந்தால் நாலு பேர் எழுந்து நின்று பார்க்கிறார்கள். போகட்டும். நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் குடும்பத்துக்கு உபயோகமாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். ஒரு பெண்ணைக் காப்பாற்றியிருக்கிறேன். அதற்கு விலை என் மானம் என்றால், அது அப்படியொன்றும் புதுசாக இருந்த மானமும் இல்லை.

பாக்கி இருப்பது ஷ்யாம். தீபா கிடையாது என்று அவனிடம் நான்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பையன் உடைந்துபோவான். இங்கே சாங்வியில் அவன் ரூமுக்கு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன், பூட்டு. ஆபீசுக்கு போன் செய்தால் இரண்டாயிரமாம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடுமாம், அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறானாம். கோதையிடம் கேட்டால், 'வருவான் வருவான்' என்கிறாள். அவளுக்கு இதில் அக்கறையே இல்லை.

கந்தசாமி


ஆரணி
30-8-1999

தம்பிக்கு,

ஷ்யாம் நேற்று இங்கே வந்தான். கூடவே ஒரு பெண். ப்ரீத்தி என்று பெயர், அவன் ஆபீசிலேயே வேலையாம், கோயமுத்தூர்க்காரர்கள். அவன் உடைந்துபோகவில்லை. நன்றாகச் சாப்பிட்டான்.

ரிஜிஸ்டர் கல்யாணம் ஆகிவிட்டதாம். நிச்சயம் நின்றது தெரிந்த பிறகுதான் இந்தப் பக்கம் வர தைரியம் வந்ததாம். நான் அடிக்கக் கை ஓங்கினேன், அந்தப் பெண் நடுவில் வந்து காலில் விழுந்துவிட்டது. அப்புறம் எப்படி அடிப்பது? தீபாதான் முதலில் சிரித்தாள்.

'உனக்கும் அண்ணனுக்கு இருக்கிறது இருந்தா இன்னாடா பண்ணுவ, இந்தப் பொண்ணோட கதி?' என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். 'டெஸ்ட் எடுத்தாச்சுக்கா, கல்யாணத்துக்கு முன்னாடியே. எனக்கு இல்ல' என்றான். யார் சொல்லி எடுத்தாய் என்றால் தலையைச் சொறிகிறான்.

கல்யாணக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது, தேதி படிக்க வரும். 8-6-1999. ஜோசியர் இல்லை என்று நீ எழுதின கடிதத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால். கீழே சாட்சிக் கையெழுத்து மூன்று. இரண்டு இங்கிலீஷில் இருந்தது. மூன்றாவது தமிழ், குண்டு குண்டாக நல்ல எழுத்து.

க. கோதை.

வேதநாயகி